தோய்க்க வேண்டாமெண்ட சேட்டு

நான் வந்து குடியேறின வோபர்னிலை, உடுப்புத் தோய்ச்சுக் குடுக்கிற ஒரு லோன்றியிலை வேலை செய்யிறன். அதுக்குப் பின்பக்கம் ஒரு பேஸ்போல் மைதானம் இருக்குது. அங்கை விளையாடுற குழு ரீவியிலை வாற பெரிய குழு இல்லை. பகலிலை லொறி ஓடி, வெயார்ஹவுசிலை பெட்டி தூக்கி, பின்னேரம் வந்து விளையாடுறவை. அவையின்ரை உடுப்பு எங்களிட்டைத்தான் வரும்.

அந்தக் குழுவின்ரை சரித்திரம் எனக்குச் சேட்டின்ரை முதுகுப் பக்கத்தாலைதான் தெரியும். முதல் வந்தது தடிச்ச பருத்திச் சேட்டு. முதுகிலை, சேட்டுக்குக் காசு குடுத்த குழாய் திருத்துற கடையின்ரை பேர். பிறகு நைலோன், டோனற் கடை. ஒரு வருசம் எங்கடை தமிழ் ஆள் ஒருத்தர், வீடு வித்துக் குடுக்கிறவர், தன்ரை படத்தையே அடிச்சுக் குடுத்தார். அந்த வருசம் ஒரு மச்சும் வெல்லேல்லை. "அன்ரி, இந்த மனுசன்ரை சிரிப்பையும் தோய்ச்சு எடுத்துவிடுங்கோ" எண்டு பந்து எறியிறவன் கேட்டான். மூட்டை கொண்டுவாறது அவன்தான். வெள்ளைக்காரன், தாடி நரைக்கத் தொடங்கியிட்டுது. கிண்ணம் எண்டு ஒண்டை அந்தக் குழு ஒருநாளும் தூக்கினதில்லை.

ஊரிலை எங்கடை உடுப்பை நாங்கள் தோய்ச்சதில்லை. அதுக்கெண்டு ஒரு மனுசி வருவா. படலைக்கு இங்காலை வரவிடமாட்டம். அவ மடிச்சுக் கொண்டுவந்த சீலையை விரிச்சுப் பாத்து, "உதிலை ஊத்தை போகேல்லை, கொண்டுபோ" எண்டு எறிஞ்சிருக்கிறன். இங்கை நான் ஊரான்ரை வேர்வையைத் தோய்க்கிறன் எண்டு சொந்தக்காரருக்குச் சொல்லேல்லை. "கடையொண்டிலை நிக்கிறன்" எண்டுதான் சொல்லுவன். ஆனா என்ரை கையாலை போன உடுப்பிலை ஒருத்தரும் குற்றம் பிடிச்சதில்லை. அந்த எண்ணத்திலைதான் தலை நிமிந்து நிண்டனான்.

போன வருசம் அவை வெண்டுகொண்டே போச்சினம். கிண்ணத்துக்கான கடைசி மச்சுக்கு முதல்நாள் அவன் காற்சட்டையும் மேசும் நிறைஞ்ச மூட்டையை வைச்சான். மேலை கிடந்த தன்ரை சேட்டைக் காட்டி, "தெறி அறுந்துபோச்சு அன்ரி, தைச்சுவிடுங்கோ. இதை மட்டும் தோய்க்க வேண்டாம்" எண்டிட்டு ஓடினான்.

என்ரை தோய்ப்பிலை என்ன குறை கண்டான்? படலையிலை நிண்ட அந்த மனுசியின்ரை முகம் ஒருக்கா வந்து போச்சு. சேட்டு முழுக்கச் சிவப்பு மண், வேர்வை நாத்தம். தெறியைத் தைச்சன். பிறகு சவுக்காரம் போட்டு, கொலர், கக்கம் எல்லாம் கையாலை உரஞ்சித் தோய்ச்சன். இனிச் சொல்லட்டும் பாப்பம் எண்டு.

அடுத்தநாள் வந்து சேட்டை விரிச்சவன்ரை முகம் செத்துப்போச்சு.

"வெண்டுகொண்டிருக்கேக்கை நாங்கள் ஒருத்தரும் சேட்டுத் தோய்க்கிறேல்லை, அன்ரி. தோய்ச்சா அதிட்டமும் தண்ணியோடை போயிடும்" எண்டு மெல்லச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை நகம் வெட்டாத, பூனை குறுக்கை போனாத் திரும்பி வீட்டை வாற ஆள் நான். எனக்கு உது விளங்காமல் இருக்குமோ? மன்னிப்புக் கேக்காமல் மற்ற உடுப்பை எடுத்து அடுக்கினன். அவன்தான், "பரவாயில்லை, வடிவாத் தோய்ச்சிருக்கிறியள்" எண்டான்.

அண்டைக்குத் தோத்துப்போச்சினம்.

இந்த வருசம் தங்கடை மண்டபத்திலை எல்லா வருசத்துப் படங்களையும் சுவரிலை மாட்டிப்போட்டு, லோன்றிக்காரர் எங்களையும் கூப்பிட்டவை. படம் எப்பவும் கடைசி மச்சுக்கு முன்னம் எடுக்கிறது. போன வருசப் படத்திலை எல்லாரும் ஊத்தைச் சேட்டோடை சிரிக்கினம். நடுவிலை ஒருத்தன் மட்டும் பளீரெண்டு வெள்ளை. பாக்கிறவையெல்லாம் அதைத்தான் காட்டிக் கேக்கினம். அவன், "நான் கலியாணவீடு எண்டு நினைச்சு வந்திட்டன்" எண்டு பகிடி விட்டான். என்ரை பக்கம் திரும்பியும் பாக்கேல்லை.

எனக்குப் பக்கத்திலை எங்கடை தமிழ்ப் பெண் ஒருத்தி நிண்டா. மகன் புதுசாக் குழுவிலை சேந்திருக்கிறானாம். படத்துக்குக் கிட்டப் போய்ப் பாத்திட்டு, "அக்கா, நீங்கள் உந்த லோன்றியிலைதானே நிக்கிறியள்? உது ஆர் தோய்ச்சது? என்ன வெள்ளை!" எண்டு சத்தமாக் கேட்டா.

நான் நிலத்தைப் பாத்தபடி, "நான்தான் பிள்ளை" எண்டன்.