தலைமுழுகிய மகளுக்கு ஒரு சந்தா

முத்தையாபுரத்தில் மகாராஜன் அண்ணாச்சி கடை எது என்று கேட்டால், தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகிற லாரி டிரைவர்கள்கூட வழி சொல்லுவார்கள். அரிசியும் பருப்பும் சோப்பும் எல்லாக் கடையிலும் இருப்பதுதான். எதிரே குளுகுளு வசதியோடு சூப்பர் மார்க்கெட் வந்த பிறகும் அவர் கடையில் கூட்டம் குறையவில்லை என்றால், அதற்குக் காரணம் அவர் மனைவி முத்துக்கனி வறுத்து இடித்துக் கொடுக்கும் இட்லிப்பொடி. அது வேறெங்கும் கிடைக்காது.

அவர்களுக்கு ஒரே மகள், பானுப்ரியா. அந்தக் குடும்பத்திலேயே காலேஜ் வாசலை முதலில் மிதித்தவள் அவள்தான். பட்டம் வாங்கிய போட்டோவைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, அதற்கும் சேர்த்து ஊதுபத்தி காட்டியவர் அண்ணாச்சி. அந்த மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், கூட வேலை பார்த்த வேற்றுச் சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போனில் சொன்னாள்.

சொந்தக்காரர்கள் திரண்டு வந்தார்கள். முத்துக்கனியின் அண்ணன் தாணுலிங்கம்தான் முன்னால் நின்றார். "மாப்ளே, ஒண்ணு அவ, இல்லன்னா நாங்க. இப்பவே சொல்லும்" என்றார்.

திருச்செந்தூர்க் கடலில் முழுகினால் தெரிந்த முகங்கள் பத்தாவது நிற்கும் என்று, கொஞ்சம் தள்ளி ஆலந்தலைக்குப் போனார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, "இனி இந்த வாயால அவளைக் கூப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மகாராஜன் மூன்று முழுக்குப் போட்டார். மூன்றாவது முழுக்கில் அலை மூக்கில் ஏறிவிட்டது. வெகுநேரம் இருமிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்ததற்கு உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். அந்த ஒரு பெயருக்காகத்தான் மொத்த வியாபாரிகள் கேள்வி கேட்காமல் அவருக்கு மூட்டை இறக்குகிறார்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் அவர் தலைமுழுகவில்லை.

முதல் சம்பளத்தில் பானு வீட்டுக்குப் பெரிய டிவி வாங்கிக் கொடுத்திருந்தாள். அதில் படமும் தொடரும் பார்க்கிற ஆப் ஒன்றைப் போட்டு, அப்பா, அம்மா, பானு என்று ஆளுக்கொரு பொம்மை முகமாக மூன்றையும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பெங்களூரிலும் அவள் அதே கணக்கில்தான் பார்த்தாள். நீலக் கட்டத்துக்குள் பச்சைக்கிளி இருக்கும். கிளிக் கம்பெனி என்றுதான் அண்ணாச்சி அதற்குப் பெயர் வைத்திருந்தார். வருஷா வருஷம் ஆடி மாதம் அதற்குச் சந்தா கட்டச் சொல்லி அவருடைய போனுக்குச் செய்தி வரும். தலைமுழுகிய வருஷமும் வந்தது. கட்டினார். அதற்கடுத்த வருஷமும் கட்டினார்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கடை ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்கட்டில் இருக்கிற வீட்டுக்கு வருவார். சாப்பிட்டுவிட்டு டிவியைப் போட்டு, 'பானு' என்ற முகத்தை மட்டும் திறப்பார். ஒன்றையும் பார்க்க மாட்டார். அவள் எதை எதுவரை பார்த்திருக்கிறாள் என்று படங்களுக்குக் கீழே ஒரு கோடு காட்டும். அந்தக் கோடுகளைத்தான் பார்ப்பார். 'கொலைக் கதை ஒண்ணை நாலாம் பாகத்துல பாதியோட விட்டிருக்கா. தூக்கம் வந்திருக்கும்.' 'நேத்து ரெண்டு படம் பாத்திருக்கா. லீவு போட்டாளோ, காய்ச்சலோ.' தப்பித் தவறிக்கூட எந்தப் பட்டனையும் அமுக்க மாட்டார். கோடு நகர்ந்து, அப்பா இங்கே வந்து போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே!

ஒரு சமயம் மூன்று வாரம் எந்தக் கோடும் நகரவில்லை. அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு நகர ஆரம்பித்தது. ஒரு வருஷம் போனது. ஒருநாள் அந்தக் கொலைக் கதைகளுக்கு நடுவே, யானைக்குட்டி பாட்டுப் பாடுகிற குழந்தைகள் படம் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. மறுநாள் அதே படம். அதற்கடுத்த நாளும் அதே படம். மகாராஜன் டிவியை அணைத்தார். அன்று சாயங்காலம் கடைக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் காசு வாங்காமல் மிட்டாய் கொடுத்தார்.

"என்ன அண்ணாச்சி, விசேஷமா?"

"ஒண்ணுமில்லவே. மிட்டாய் பழசாயிரும்லா" என்றார்.

இப்படிக் கோடு பார்த்துக்கொண்டிருந்தவரிடம்தான் ரோச் வந்தான். தூத்துக்குடிப் பக்கம் சினிமாக்காரர்கள் படம் எடுக்க வந்தால், இடம், ஆள், சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்து கொடுக்கிற கடற்கரைக்காரன். கடையை நாலு நாளைக்கு ஷூட்டிங்குக்குக் கேட்டான்.

"கடையை மூடிட்டுக் கூத்தா? போ வேய்."

"கூத்து இல்ல அண்ணாச்சி, தொடர். எல்லாக் கம்பெனியும் ஒரே படத்தத்தான் வாங்கிப் போடுதான். அப்ப ஆளு எதுக்கு இவன்கிட்ட வரணும்? ஒங்க கடையில அக்கா பொடி மாதிரி, அவன்கிட்ட மட்டும் கிடைக்கிற சரக்குன்னு ஒண்ணு வேணும்லா? அதான் நம்ம ஊரு பேச்சு, நம்ம ஊரு உப்புக் காத்தோட ஒண்ணு எடுக்கான். எதிர்க் கம்பெனிக்காரன் எடுக்குறதுக்குள்ள முந்தணுமாம்."

"எந்தக் கம்பெனி?"

"கிளி போட்டிருக்குமே, அது."

பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த அண்ணாச்சியின் கை நின்றது. "நாலு நாளு போதுமா?" என்று கேட்டார்.

கதையிலும் ஒரு கடைக்காரர். பெயர் வெள்ளத்துரை. கோபித்துக்கொண்டு போன மகள் ஒருநாள் பஸ்ஸில் வந்து இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று கடையையே பார்ப்பாள். அப்போது அவர் அவளைக் கூப்பிட வேண்டும். சென்னையிலிருந்து வந்த நடிகருக்கு, பெண்பிள்ளையைக் கூப்பிடுகிற 'ஏளா' என்ற ஒரு சொல் வாயில் நுழையவே இல்லை. "அண்ணாச்சி, நீங்க ஒருக்கா சொல்லிக் காட்டுங்க" என்றார் டைரக்டர். சொல்லிக் காட்டினார். டைரக்டர் அந்த நடிகரை அன்று ராத்திரி ரயிலுக்கே அனுப்பிவிட்டு, அவர் சட்டையை அண்ணாச்சிக்குப் போட்டுவிட்டார்.

கூப்பிடப் போவது மகாராஜன் இல்லை, வெள்ளத்துரை. அதை அவர் மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கடலில் கொடுத்த வாக்கு மகாராஜனுடையது. வெள்ளத்துரை எந்தக் கடலிலும் முழுகவில்லை. இது கிளிக் கம்பெனி படம். பானு எப்படியும் பார்ப்பாள்.

எழுதிக் கொடுத்த வசனத்தை அவர் பேசவில்லை. சின்ன வயதில் பானு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாசலில் நின்று என்ன சொல்வாரோ, அதையே சொன்னார். எதிர்ப்பக்கம் மகளாக நின்ற பெண், நடிப்பு முடிந்தும் அழுதுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். தீபாவளிக்கு என்றார்கள். பொங்கலுக்கு என்றார்கள். ஒன்றேகால் வருஷம் கழித்து ரோச் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டான்.

"எதிர்க் கம்பெனிக்காரன் கிளிக் கம்பெனியவே வாங்கிட்டான் அண்ணாச்சி."

"அப்ப நம்ம சரக்கு?"

"குடோன்ல கிடக்கு. விடுவான், விடாமலும் போவான்."

அடுத்த மாதமே கிளி பறந்துபோனது. அதன் இடத்தில் புது ஆப் வந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு கணக்குதானாம். வெளியூரில் இருப்பவர்கள் தனியாகக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். மகாராஜன் திறந்து பார்த்தபோது ஒரே ஒரு முகம்தான் இருந்தது. பானு என்ற பெயர் இல்லை, கோடுகள் இல்லை, யானைக்குட்டி இல்லை. மறுநாளும் அதே இரண்டரை மணிக்குத் திறந்து பார்த்தார். அதற்கு மறுநாளும்.

"அதுல என்னத்தத் தேடுதீய?" என்றாள் முத்துக்கனி.

"ஒண்ணுமில்ல" என்றார். ஆலந்தலையில் போட்ட முழுக்கைவிட இதுதான் அவருக்கு முழுக்காக இருந்தது.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு விளம்பரமும் இல்லாமல் தொடர் வந்துவிட்டது. ரோச்தான் போன் செய்தான். அண்ணாச்சி அன்று பன்னிரண்டு மணிக்கே ஷட்டரை இறக்கினார். முத்துக்கனியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஐந்தாம் பாகத்தில் அந்த இடம் வந்தது. அவர் கடை, அவர் தராசு, அவர் முகம். வாய் திறந்தது.

"அம்மாடி, அப்பாவை மன்னிச்சிடும்மா. நீ இல்லாம இந்த வீடே சூனியமா இருக்கு."

கணீரென்ற, அழகான குரல். யாருடைய குரலோ.

மகாராஜன் பின்னால் ஓட்டித் திரும்பப் பார்த்தார். மூன்றாம் தடவையும் அதே குரல்தான். ரோச்சுக்குப் போன் போட்டார்.

"தொண்டை நல்லாத்தானய்யா இருந்துச்சு எனக்கு?"

"புதுசா வந்தவன் எல்லா ஊருக்கும் புரியணும்னுட்டான் அண்ணாச்சி. நம்ம ஊரு ஆளுக எல்லாருக்கும் சென்னையில வேற ஆள வச்சுப் பேச வச்சிட்டான். சொன்னா ஒங்க மனசு கஷ்டப்படும்னுதான்..."

"நான் பேசுனது எங்கனயாவது இருக்குமா?"

"இருக்கும். நம்ம கைக்கு வராது."

போனை வைத்தார். இனி எந்த டிவியில் யார் பார்த்தாலும், அவர் மகளைக் கூப்பிட்டது அவர் இல்லை.

வெகுநேரம் கழித்து முத்துக்கனி எழுந்துபோய்த் தன் போனை எடுத்து வந்தாள். "திட்டக் கூடாது" என்று நீட்டினாள். வாட்ஸாப்பில் மேலே 'கேஸ் புக்கிங்' என்று பெயர் இருந்தது. கீழே பானுவின் குரலில் ஒரு செய்தி, கால் மணி நேரத்துக்கு முன்னால் வந்தது.

"எம்மா, நீ சொன்ன தொடரப் பாத்துட்டேன். அப்பா வாய் ஒண்ணு சொல்லுது, சத்தம் வேற ஒண்ணு சொல்லுது. அது அப்பா குரல் இல்ல. அப்பா நிசமா என்ன சொன்னாவ? கேட்டுச் சொல்லேன்."

மகாராஜன் மனைவியைப் பார்த்தார். "வாரத்துக்கு ஒருக்கா கேஸ் புக்கிங்ல இருந்து போன் வரும். இந்த வீட்ல அப்படி என்னத்தச் சமைக்காளோன்னு நெனச்சேன்."

"என்ன சொன்னீய? அத மொதல்ல சொல்லுங்க. பிள்ள கேக்கால்லா?"

"நான் எங்க சொன்னேன்? நான் முழுகினவன். சொன்னது வெள்ளத்துரைல்லா."

"அப்ப அந்த வெள்ளத்துரையவே சொல்லச் சொல்லுங்க" என்று, போனில் பேசுகிற குறியை அமுக்கியபடி முத்துக்கனி அவர் வாய்க்கு நேரே பிடித்தாள்.

அவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"நான் கடைக்கார வெள்ளத்துரை பேசுதேன். டிவியில பேசினது நான் இல்லம்மா. அவன் எவனோ. நான் சொன்னது..." முத்துக்கனி விரலை எடுக்கவில்லை. "ஏளா, சாப்டுட்டுப் போ. கோவத்த நாளைக்கு வச்சிக்கிடுவோம். அவ்வளவுதான் சொன்னேன்."

முடிந்தது என்று முத்துக்கனி விரலை எடுக்கப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க அப்பன் இங்கனதான் இருக்கான். அவன் பேச மாட்டான், அவனுக்கு ஒரு வாக்கு இருக்கு. நீ ஏதும் சொல்லணும்னா எங்கிட்டச் சொல்லு, நான் அவன்கிட்டச் சொல்லுதேன். அந்தச் சின்னப்பிள்ளை, யானைக்குட்டி பாக்கும்லா, அதுக்கு என்ன பேருன்னு கேக்கான்."

முத்துக்கனி விரலை எடுத்தாள். செய்தி போய்விட்டது.

மணி நாலைத் தாண்டியிருந்தது. முன்பக்கம் யாரோ "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று ஷட்டரைத் தட்டினார்கள். அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.