செல்வியின் முன்பல்லைப் பார்க்காமல் போன மீரான்

ராமநாதபுரம் பஸ்ஸை விட்டு இறங்கிக் கண்டக்டர் என்னிடம் வந்தபோது, டாக்டர் ஏதோ மருந்து கொடுத்தனுப்பியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். "பல் டாக்டர் தவறிட்டாகளாம் சார். காலையில மாரடைப்பாம்" என்றார். "எந்தப் பல் டாக்டர்?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்துக்கு இருந்தவரே அவர் ஒருவர்தான். அப்படியும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்ன மனிதர் வியாழக்கிழமை எப்படிச் சாவார்?

கீழக்கரைப் பல் டாக்டர் மீரானின் முன்கோபம் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். என் மூத்த மகள் மீனாவை அவரிடம் கூட்டிப் போன அன்றே அதைப் பார்த்தேன். விழுந்து முளைத்த பல்லெல்லாம் அவளுக்குப் பழுப்பு. சரியாகத் தேய்ப்பதில்லை என்று திட்டி, செங்கல் பொடியால் ரத்தம் வரத் தேய்த்துவிடுவோம். கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் அவள் பேசுவாள். "செங்கல் பொடியா? பிள்ள வாயிக்குள்ள வீடா கட்டுறீங்க மச்சான்?" என்று கத்தினார் மீரான். பழகிய முதல் நாளே நான் மச்சான்.

"இது அழுக்கில்ல. பல்லு ஈறுக்குள்ள உருவாகுறப்பவே ஏறுன கறை" என்றார். பிறகு கோபம் தணிந்து விளக்கினார். "பல்லு மேல எனாமல் கட்டுற உயிரணுக்கள் மொதல்ல மெத்துன்னு ஒரு பசையைப் போடும். அதுல சுண்ணாம்புச் சத்து இறுக இறுக, போட்ட பசையைக் கரைச்சுத் திரும்ப எடுத்துக்கிரும். கொத்தனாரு வளைவு கட்டி முடிச்சதும் முட்டுப் பலகையைப் பிரிச்சு அடுத்த வேலைக்குக் கொண்டு போறாருல்ல, அப்படி. தண்ணியில புளோரின் கூடுனா பலகை சரியாப் பிரிபடாது. பலகை சமாச்சாரம் என் யூகம், மதராஸ்ல சொன்னாச் சிரிப்பாக. தண்ணிதான் காரணம்கிறது நிச்சயம்." முளைத்த பல்லுக்கு அந்த அணுக்கள் இருக்காது, மீனாவுக்குச் செய்ய ஒன்றுமில்லை என்றும் சொன்னார். "வீட்டுல கைப்பிள்ள இருக்கா?" என்று கேட்டார். செல்வி தொட்டிலில் இருந்தாள்.

அடுத்த வாரமே நயினார்கோவில் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து எல்லார் வாயையும் பார்த்தார். மழைத்தண்ணீர் தேங்கும் ஊருணியில் குடித்து வளர்ந்த எங்களுக்குப் பல் வெள்ளை. இன்றும் அதையே குடிக்கிற, எங்கள் வயலில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கும் வெள்ளை. சுதந்திரம் வந்த வருஷம் என்னைப் பெற்ற அய்யா பெருமையாகக் கொல்லையில் வெட்டிய கிணற்றின் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்கு மட்டும் பழுப்பு.

"என் கெணத்துல வெசமா இருக்கு?" என்றார் அய்யா. மீரான் ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீரை வாங்கி மடக் மடக்கென்று குடித்தார். "எனக்குப் பல்லு மொளைச்சு முடிஞ்சது அய்யா. தொட்டில்ல கெடக்குற ஆளுக்குத்தான் ஆகாது" என்றார். அய்யா மசியவில்லை.

என் மனைவிதான் செல்விக்காகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தினமும் ஊருணிக்கு நடந்தாள். கிணற்றை வைத்துக்கொண்டு இவளுக்கு என்ன கேடு என்று ஊர் சிரித்தது. செல்விக்குப் பால்பல் வெள்ளையாக வந்ததும் நான் துள்ளிக் குதித்தேன். மீரான் அடக்கினார். "பால்பல்லை நம்பாதீங்க மச்சான். அது விழுந்து மொளைக்கணும்." வருஷக்கணக்கில் காத்திருந்தோம். எங்கே பார்த்தாலும், "ஆடுதா?" என்பார். போன மாதம் முன்பல் விழுந்தது. புதுப்பல்லுக்கு ஈறு வெடித்ததும் சொல்லியனுப்பினேன். "ஞாயித்துக்கெழம வாரேன். அதுவரைக்கும் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது" என்று பதில் வந்தது.

கீழக்கரையில் அடக்கத்துக்கு முன் முகத்தைத் திறந்து காட்டினார்கள். எழுந்து யாரையாவது திட்டுவார் என்று நின்றேன். மண் தள்ளினார்கள். நானும் தள்ளினேன். என் கைதான் தள்ளியது, எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

பல் இப்போது நன்றாக வெளியே வந்துவிட்டது. வெள்ளை. நேற்று அய்யா செல்வியை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய் வாயைத் திறக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் மீனா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அய்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒனக்கு நாந்தான தாயி எறைச்சு எறைச்சுக் குடுத்தேன்" என்று அழுதார். பிறகு, கைப்பிள்ளைக்காரியான என் தம்பி மனைவியைக் கூப்பிட்டு, இனி ஊருணித் தண்ணீரே கொடுக்கச் சொன்னார்.

மீரானிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது செல்வியின் சிரிப்பு. அவள் வாயைப் பொத்துவதில்லை. அவள் சிரிக்கும்போதெல்லாம், டாக்டருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று எழுந்துவிடுகிறேன்.