தேவராஜ் அண்ணனின் கடைசி வரி

தேவராஜ் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, சேலையூர் வீட்டில், தூக்கத்திலேயே.

காலேஜுக்குப் போகிற ரயிலில் இருந்தபோது அவர் மகள் மெர்சி போன் செய்தாள். குரோம்பேட்டையில் இறங்கி, எதிர் வண்டி பிடித்துத் தாம்பரத்துக்கே திரும்பிவிட்டேன். ஆனால் அவர் வீட்டுக்கு இன்னும் போகவில்லை. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன்... இரண்டு முறை அழித்தாயிற்று.

தெரியாதவர்களுக்கு: ரயில்வே டிக்கெட் கவுன்டரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எங்கள் தாம்பரம் திருச்சபையின் ஆர்மோனியக்காரர். வருஷா வருஷம் கவிராயர் விழாவை நடத்தியவர். நாங்கள் பாடுகிற பழைய கீர்த்தனைகளை எழுதியவரை எங்கள் பக்கத்தில் கவிராயர் என்று மட்டும்தான் சொல்வோம்.

அந்த விழாவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மைக் முன்னால் நின்று பாட்டை வாசிப்பார். மூன்று வரியோடு நிறுத்திக்கொள்வார். நாலாவதை, அதாவது கடைசி வரியை, அண்ணன் ஆர்மோனியத்தோடு எடுத்துப் பாடுவார். அங்கிருந்து சபை முழுப் பாட்டையும் பாடும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் வாசித்தேன். நாலு வரியும். கூடவே விளக்கம். தமிழ் படித்து, தமிழ் சொல்லிக்கொடுப்பவன். ஒரு பாட்டை முடிக்காமல் விட எனக்கு மனசு வரவில்லை.

விளக்கத்தின் பாதியில் ஆர்மோனியம் கிளம்பிவிட்டது.

"சார், கடைசி வரி எங்களுது சார். அதையும் நீங்களே துன்னுட்டா நாங்க இன்னா பண்றது?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. என் மாணவர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

மறுநாள் இங்கேதான் நீளமாக ஒரு போஸ்ட் போட்டேன். பாட்டுக்காரர்கள் கவிதையை விழுங்குகிறார்கள் என்று. பேர் சொல்லவில்லை, எல்லோருக்கும் புரிந்தது. முதல் லைக் தேவராஜ் அண்ணனுடையது. கிண்டலா, பழக்கமா... மனுஷன் துக்கச் செய்திக்குக்கூட லைக் போடுகிறவர். இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் நான் விழாவுக்குப் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் நோட்டீஸில், வாசிப்பவர்கள் பட்டியலில், என் பேர் இருக்கும். ஒருமுறை மார்க்கெட்டில் மடக்கிவிட்டேன்.

"யாரைக் கேட்டு என் பேரைப் போடறீங்க?"

"கேட்டா வேணாம்னுவீங்க சார். அதான் கேக்கல."

கையில் வாழைத்தண்டோடு போய்க்கொண்டே இருந்தார். ஒரு வாரம் எனக்கு ஆறவில்லை.

நான் போகாத அந்த வருஷங்களில் நடந்ததை இன்றைக்குத்தான் மெர்சி சொல்கிறாள். என் முறை வரும்போது பேரைக் கூப்பிடுவார்களாம். அண்ணன் மைக்கை இழுத்து, "சார் பல்லாவரத்தாண்ட கீறாரு, ட்ரெயின் லேட்டு" என்பாராம். எல்லோரும் சிரிப்பார்களாம். பிறகு கடைசி வரியை மட்டும் தனியாகப் பாடுவாராம். சபை தொடர்ந்து பாட வாயெடுத்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவாராம்.

ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டில் அந்தச் சபையில் இருந்து இத்தனை பேர் இருக்கிறீர்கள். ஒருத்தர்கூட இதை என்னிடம் சொல்லவில்லை. அந்தக் கோபமும் இருக்கிறது.

நாளை மாலை நான்கு மணிக்கு அடக்கம்.

"அங்கிள், கவிராயர் பாட்டு வாசிக்க உங்க பேரைப் போட்டு அடக்க ஆராதனை ஷீட் பிரின்ட்டுக்குக் குடுத்துட்டோம்."

"என்னைக் கேக்காமயா?"

"அப்பா என்னிக்கு கேட்டாரு?"

வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பாட்டை முழுதாக வாசிப்பதுதான் சரி, அதில் நான் மாறவில்லை. ஆனால் நாளைக்கு மூன்று வரியோடு நிறுத்திக்கொள்வேன்.

நாலாவதை யார் எடுப்பார்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்க வாய் வரவில்லை.

போய் வாருங்கள் அண்ணா. நான் தாம்பரம் வந்துவிட்டேன்.