கொலுவில் உட்கார வைத்த வாத்து

என் கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் அடையாறிலிருந்து டெல்லிக்கு மாற்றலாகிப் போனபோது, ஃபிரிட்ஜை ஒருவருக்கும் சோபாவை இன்னொருவருக்கும் கொடுத்துவிட்டு, மாட்டேன் என்று சொல்லத் தெரியாத இவர் தலையில் வாத்தைக் கட்டிவிட்டார். "ரொம்ப சமத்து, இருக்கற இடமே தெரியாது" என்று நற்சான்றிதழ் வேறு. சமத்துக்குக் காரணம் அதன் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்ததுதான் என்பதை, அபிராமபுரம் வந்து கூடையைத் திறந்த பிறகு நான்தான் கண்டுபிடித்தேன். வழி நெடுக ஸ்கூட்டரில் கொண்டுவந்தவர் அதன் முகத்தைப் பார்க்கவே இல்லையாம்.

மாட்டு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பார்வை வராதும்மா. அது புழங்கற இடத்துல எதையும் மாத்தாம வெச்சுக்குங்க, போதும்" என்றார். அந்த 'போதும்' எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தன் மூக்குக் கண்ணாடியை ஒருநாளும் ஒரே இடத்தில் வைக்காத மனிதரோடு குடித்தனம் நடத்துகிறவள் நான்.

ஆனாலும் செய்தேன். பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நீல பிளாஸ்டிக் டப், அதை ஒட்டிச் சோற்றுத் தட்டு. பள்ளிக்கூடத்தில் வகுப்பு முடித்து வந்ததும் கரண்டியால் தட்டைத் தட்டுவேன். அது கழுத்தைச் சாய்த்துக் கேட்டுவிட்டு நேராக வரும். குரல் கொடுக்காமல் தொட்டால் நடுங்கும். "நான்தாண்டி" என்று சொல்லிவிட்டுத் தொட்டால் அலகை என் கையில் வைத்துக்கொள்ளும். எனக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம். வீட்டில் நான் சொல்வதைக் காதில் வாங்கிய ஒரே ஜீவன் அதுதான்.

மாடியில் இருந்த நாத்தனாருக்கு, இவருடைய அக்காவுக்கு, அது ஆகவில்லை. "மடியா இருக்கற ஆத்துல வாத்து என்னடி வாத்து? மயிலாப்பூர் குளத்துல விட்டுடு. அதுக்கும் சௌக்கியம், நமக்கும் புண்ணியம்" என்று தினமும் மாடிப்படியில் நின்று அருள்வாக்கு சொல்வார். நான் குக்கர் சத்தத்தில் காது கேட்காதவள் மாதிரி இருந்துவிடுவேன்.

நவராத்திரி வந்தது. எங்கள் கூடம் பெரியது என்று நாத்தனாரின் கொலு அங்கேதான். நாற்காலிகள் பின்பக்கம் போயின, அவற்றுக்கு இடம்விட டப் மாடிப்படிக்கு அடியில் போயிற்று. வாத்து வழக்கமான இடத்தில் டப்பைத் தேடி, நாற்காலிக் காலில் முட்டி, திரும்ப வந்து, திரும்ப முட்டியது. "பத்து நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கட்டுமே" என்றார் இவர்.

முதல் நாளே வெற்றிலை பாக்குக்கு வந்த பாட்டு டீச்சர் மாமி ஒருத்தி கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்து, "அடடா, வெள்ளை வெளேர்னு அன்னமாட்டம் இருக்கே! சாட்சாத் சரஸ்வதி வாகனம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முடிந்தது கதை. மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது வாத்து நெற்றியில் குங்குமத்தோடு, கொலுப்படிக்குப் பக்கத்தில் மணைமேல் உட்கார வைக்கப்பட்டிருந்தது. எதிரே வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர் கலந்த பால். பாலைப் பிரித்துக் குடிக்கிறதா என்று பார்க்க, எம்.எஸ்ஸி. படித்தவர்கள் உள்பட, பட்டுப்புடவைகள் வட்டமாகக் குனிந்திருந்தன.

வாத்து அலகை உள்ளே விட்டு, வாத்துகள் செய்வதைச் செய்தது. உதறியது. பாலும் தண்ணீரும் பிரியாமலே எல்லார் முகத்திலும் தெறித்தன. "அபிஷேகம்!" என்றார் நாத்தனார்.

அப்புறம் தினமும் பால், சுண்டல், புட்டு. நான் கத்தினேன். "அம்பாள் சன்னிதியில குரலை ஒசத்தாதே" என்றார்கள். சரஸ்வதி பூஜையன்று வாகனத்துக்கு வயிறு பிடுங்கிக்கொண்டது. ஜமக்காளமும் வீணாயிற்று, நாத்தனாரின் பக்தியும் வீணாயிற்று. கொலு எடுத்த மறுநாள் மாலை நான் தட்டைத் தட்டினேன். எதுவும் வரவில்லை.

"அக்கா சொன்னா. கார்த்தால குளத்துல விட்டுட்டு வந்தேன்" என்றார் இவர், பேப்பரை இறக்காமல்.

தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். குளத்து வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா என் கைத் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, அந்த வாத்து உன்துதானா? காலைலேர்ந்து கத்திக்கினே கீதும்மா பாவம்" என்றாள்.

குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்த மண்ணில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. கீழ்ப்படி ஓரம், நெற்றியில் அழியாத குங்குமத்தோடு, கல்லை ஒட்டி ஒடுங்கி நின்றது என் வாத்து. இறங்கிப் போய்த் தட்டைத் தட்டினேன். கழுத்தைச் சாய்த்தது. பிறகு விழுந்து எழுந்து என்னை நோக்கி ஓடி வந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பந்து போட வந்தவன் நின்றுவிட்டான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நாத்தனார், "ஏன், நீந்தலையா?" என்றார்.

"அதுல தண்ணி வத்தி எத்தனையோ மாசமாச்சு அக்கா. வெள்ளிக்கிழமை தவறாம அந்தக் குளத்தைச் சுத்திண்டு கோயிலுக்குப் போறேளே, பாக்கலையா?"

அவர் தம்பியைப் பார்த்தார். தினமும் ஸ்கூட்டரில் அந்தக் குளத்தைத் தாண்டும்போது ஒரு கையை விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் தம்பி, "படியில கூடையைத் திறந்து வெச்சுட்டு வந்துட்டேன். பாத்தா மனசு கேக்காதேன்னு திரும்பிப் பாக்கலை" என்றார்.

நான் பின்பக்கம் போய் நாற்காலிகளை வெளியே தள்ளிவிட்டு, டப்பைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பழைய இடத்தில் வைத்துத் தண்ணீர் நிரப்பினேன். வாத்தைக் கதவருகே இறக்கிவிட்டேன். அது எதிலும் முட்டாமல் நேராக நடந்து போய் டப்பில் ஏறிக்கொண்டது.