அருவி வாசலில் ஒரு வாய்மொழித் தேர்வு

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் தென்காசி வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவாது. அந்த ஞாயிற்றுக்கிழமை தலையில் எண்ணெயை அப்பிக்கொண்டு எல்லோரும் வேனில் ஏறிவிட்டோம். டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த சித்தி மட்டும் வரமாட்டேன் என்றாள். அம்மாதான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

பாவம், அவள் கவலை அவளுக்கு. எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவாள். ஒருவர் எதிரே நின்று கேள்வி கேட்டால் வாய் கட்டிக்கொள்ளும். உடற்கூறு வாய்மொழித் தேர்வில் ஏற்கெனவே கோட்டை விட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மறுதேர்வு. அதிலும் விட்டால் ஒரு வருடம் போச்சு.

பேரருவியில் பெண்கள் கூட்டம் வாசலிலேயே முட்டிக்கொண்டு நின்றது. ஒரு பெண் போலீஸ் விசிலடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார். அப்பால் கம்பிகளுக்கு நடுவே வரிசை வளைந்து வளைந்து போனது. நான் பசிக்கிறதென்று அனத்திக்கொண்டே இருந்தேன். என் வாயை அடைக்கத்தான் சித்தி ஆரம்பித்தாள்.

"இங்கன நிக்க கூட்டம் எரைப்பை. அந்தா அந்தப் போலீசக்கா பைலோரஸ், எரைப்பையோட வெளிவாசல். கிரேக்கத்துல வாசக்காவக்காரன்னு அர்த்தம்."

சும்மா இருப்பேனா நான்? "அக்கா, நீங்கதான் பைலோரசாம்!" என்று கத்திவிட்டேன்.

போலீசக்கா இடுப்பில் கைவைத்தார். "அப்படியா? எனக்கு அந்தப் பக்கம் என்னல்லாம் இருக்கு? சொன்னாத்தான் உள்ள விடுவேன்."

சித்திக்கு முகம் வெளிறிவிட்டது. பின்னாலிருந்து ஒருத்தி, "ஏட்டி, சொல்லித் தொலையேன், எண்ணெ கண்ணுல எறங்குது!" என்று முதுகில் தள்ளினாள். தள்ளிய தள்ளில் வாய் திறந்தது.

"டியோடினம், சிறுகுடலோட தொடக்கம். பன்னெண்டு வெரல் அகல நீளம், அதான் பேரே பன்னெண்டு. அடுத்து ஜெஜூனம், பட்டினின்னு அர்த்தம். செத்தவங்கள அறுத்துப் பாத்தா அது காலியாவே கெடக்குமாம். இலியம் சுருண்டது. சீக்கம் குருடு, ஒரு பக்கம் வழி கெடையாது. கடைசில ரெக்டம், அதான் மலக்குடல், நேருன்னு அர்த்தம். நமக்கு அது நேரா இருக்காது. அந்தக் காலத்துல கொரங்க அறுத்துப் பாத்துப் பேரு வச்சிட்டாங்க!"

கம்பிமேல் இருந்த குரங்கை எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"அப்போ குளிச்சிட்டு அந்தப் பக்கமா வெளிய வாரோமே, நாம என்னது சித்தி?" என்றேன். அடேயப்பா, அந்தச் சிரிப்பு! போலீசக்கா விசிலைத் தவறவிட்டார்.

குளித்து, உடை மாற்றி, புளிச்சோற்றுப் பொட்டலத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். "இன்னொருக்கா குளிச்சிட்டு இந்தா வந்திருதேன்" என்று சித்தி மறுபடி வாசலுக்குப் போனாள். வந்தாள், திரும்பவும் போனாள். அவள் வராமல் பொட்டலத்தைப் பிரிக்க அம்மா விடவில்லை. எனக்கோ உயிர் போகிற பசி. கடைசியாக அவள் சிரித்துக்கொண்டே வந்தபோது சுடிதாரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"சித்தி மறுபடி குளிக்கவே இல்லம்மா, நான் எட்டிப் பாத்தேன்! அந்தப் போலீசக்கா கேள்வி கேக்காங்க, இவ நின்னு பதில் சொல்லிட்டு வாரா" என்று கோள் சொன்னேன். அம்மா எனக்கு முதல் கவளத்தை ஊட்டினாள்.

தேறிவிட்டதாகச் சித்தி போன் செய்தபோது வீடே குதித்தது. அந்தப் போலீசம்மாவுக்கு நல்ல சேலையாக ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நம்மைப் பசியோடு காக்கவைத்தவருக்குச் சேலை எதற்கு என்று நான் அன்று முழுக்கச் சண்டை பிடித்தேன்.