பேஸ்ட் போட்டுத் தேய்த்த பிஸ்டன்

எண்ணூர் உப்பளத்து மேட்டிலிருந்து இறங்கிக் கடற்கரைச் சாலையைப் பிடித்தபோது பின்னால் கைதட்டல் கேட்டது. எவருடைய பொம்மை லாரியோ மண்மேட்டைத் தாண்டிக் குதித்திருக்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் என்னுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று இருந்தது. நெற்றியில் குண்டூசி குத்திய ஓட்டை. கால்சட்டைப் பையில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பிஸ்டன். ஒரு வாரம் நான் செய்த வேலைக்கு மிச்சம் இவ்வளவுதான்.

துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் சாலையின் ஒரு பக்கம் முழுக்க அடைத்து நின்றன. டிரைவர்கள் வண்டிக்கடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளாக நிற்கிறேன் என்றார் ஒருவர், கேட்காமலேயே. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் பெரிய மனிதர்கள் மடக்கு நாற்காலி போட்டு, குடை விரித்து, ஐஸ் பெட்டியில் கூல்டிரிங்க்ஸ் வைத்துக்கொண்டு முழங்கால் உயர லாரிகளை ரிமோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். லாரி பார்க்க வேண்டுமென்றால் தலையைத் திருப்பினால் போதும். திருப்ப மாட்டார்கள்.

அந்தப் பொம்மை லாரிகளில் ஒன்றுதான் போன திங்கட்கிழமை எங்கள் கடைக்கு வந்தது. டோல்கேட்டுக்குப் பக்கத்தில் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் பார்க்கிற கடை. நான் அங்கே சேர்ந்து எட்டு மாதம். அதற்கு முன் மாதவரத்தில் பால் கேன் கழுவினேன், அதற்கு முன் நெல்லூர் போகிற லாரியில் கிளீனர், அதற்கும் முன் எட்டாம் வகுப்பு. இருபத்தாறு வயதுவரை எந்த இடத்திலும் ஒரு வருஷம் முழுசாகத் தங்கியதில்லை.

கொண்டுவந்தவர் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். ஆறு மாதம் கடலில் இருப்பார், நாலு மாதம் ராயபுரத்து மாடி வீட்டில். சிங்கப்பூரில் வாங்கினாராம். துணியில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தார். அவர் கார் பக்கம் போனதும் மேஸ்திரி என்னிடம் குனிந்தார்.

"இன்னாடா இது, புள்ளைக்கு வாங்கினு வந்துகிறாரா?"

"அவருக்கேதான் மேஸ்திரி."

"அவருக்கா? மீசை நரைச்சுப் போய் கீதுடா!"

வண்டிக்கு என்ன நோவு என்று பார்க்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. காற்று உள்ளே போகிற வாயில் ஒரு ஸ்பாஞ்ச் உண்டு. அதை எண்ணெயில் நனைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தூசி நிற்காது. இவர் அதைக் காய்ந்தபடியே வைத்துக் கடற்கரை மணலில் ஓட்டியிருக்கிறார். இன்ஜினுக்குள் எண்ணூர் மணல் பாதி இருந்தது. வீடு அளவு இன்ஜினுக்கு எண்ணெய் காட்டிச் சம்பளம் வாங்குகிறவர், ஒரு விரல்கடை ஸ்பாஞ்சுக்கு எண்ணெய் காட்டவில்லை. நான் சொன்னபோது, "ஓ, அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

மாற்றுவதற்குப் புதுப் பிஸ்டனும் அது ஓடுகிற பித்தளைக் குழலும் அவரே கொண்டுவந்திருந்தார். கூடவே ஒரு பை நிறைய அலங்காரம்: சக்கரங்களைப் பிடித்து நிற்கிற ஊதா நிற அலுமினியக் கைகள், இரும்புப் பல்சக்கரம், பெரிய சைலன்சர், பேரிங்குகள். ஞாயிற்றுக்கிழமை ரேஸ். அடையாறு பக்கத்து ஆட்கள் வருகிறார்கள், அவர்களை ஜெயித்தாக வேண்டும்.

"ஞாயிற்றுக்கிழமை இது ஓடிடுச்சுன்னா உனக்கு ஹார்பர் பாஸ் வாங்கித் தரேன்" என்றார் என்னைப் பார்த்து. "கப்பல் ரிப்பேர் கான்ட்ராக்டர் நம்ம ஆள்தான். ஒரு போட்டோ எடுத்துட்டு வா."

அதைக் கேட்டதும் எனக்கு அந்த ஆள்மேல் இருந்த இளக்காரம் குறைந்தது என்று சொன்னால் பொய். ஆனால் வாயை மூடிக்கொண்டேன். துறைமுகத்துச் சுவரை ஒட்டியே நாலு வருஷம் நடந்திருக்கிறேன். பாஸ் இருக்கிறவன் காலையில் கேட்டுக்குள் போவான், சாயங்காலம் மனிதனாக வெளியே வருவான். கப்பல் ரிப்பேர் கோஷ்டியில் சேர்ந்தவர்களை விசாகப்பட்டினம் வரைக்கும் கப்பலிலேயே வேலை செய்தபடி கூட்டிப் போவார்கள். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ராயபுரத்து ஸ்டுடியோவில் அவர்கள் கொடுத்த கோட்டைப் போட்டுப் போட்டோ எடுத்தேன்.

அலங்காரத்தை எல்லாம் ஒழுங்காக மாட்டினேன். பிளாஸ்டிக் கைகளைக் கழற்றி அலுமினியம் போட்டேன். அச்சு சுற்றுகிற பிளாஸ்டிக் புஷ்களை எடுத்துவிட்டுப் பேரிங் வைத்தேன். கையைப் பலமாக்கினால் அடி அதைத் தாங்குகிற பிளாஸ்டிக் கட்டைக்குப் போகும், அடுத்து உடைவது அதுதான். அதற்கும் ஒரு அலுமினியம் விற்பார்கள். கடைசியில் வாங்கியவனைத் தவிர எல்லாம் அலுமினியமாக இருக்கும்.

எரிபொருள் விஷயத்தில் மேஸ்திரி முதலில் மானத்தை வாங்கினார். பழைய பிஸ்டன் உள்ளே இருந்தபோதே, டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலும் ஆயிலும்தான் என்று கலந்து ஊற்றிவிட்டார். கயிற்றை இழுத்து இழுத்து என் தோள் கழன்றது. அதில் பொறி வைக்கிற பிளக்கே இல்லை. ஒரு சின்னக் கம்பிச் சுருள், பேட்டரி வைத்தால் சிவப்பாகக் கனியும், ஸ்பிரிட்டும் நைட்ரோவும் விளக்கெண்ணெயும் கலந்த திரவத்தில்தான் பற்றும். அந்த டின்னை இன்ஜினியர் சார் கப்பலிலேயே கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்ததும், வயிறு கழுவ வீட்டில் புகட்டுவார்களே, அந்த வாசனை.

"த்தூ, பேதி மருந்துல ஓடுற வண்டி" என்றார் மேஸ்திரி.

வியாழக்கிழமை புதுப் பிஸ்டனைக் குழலுக்குள் விட்டேன். பாதிவரை வழுக்கிப் போனது. மேலே போனதும் இறுகிப் பிடித்துக்கொண்டது. கயிற்றை இழுத்தால் அங்கே வந்து நின்றுவிடும். இருபது வருஷம் மொபெட் பார்த்த மேஸ்திரி ஒரு விரலால் தொட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"ஜாம். சைஸ் தப்பு. டூப்ளிகேட்ட வாங்கினு வந்துகிறான் கப்பல்காரன்."

பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. இங்கிலீஷ். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். டைட், டாப், நார்மல் என்ற மூன்று வார்த்தைகளும் ஒரே வரியில் இருந்தன. மேலே இறுகுவது சகஜம் என்று எழுதியிருக்கிறான். மேஸ்திரியிடம் காட்டினேன்.

"எந்தக் கம்பெனிக்காரன்டா நம்ம சரக்கு சொத்தைன்னு எழுதுவான்? போன மாசம் வந்த கிளட்ச் பிளேட்டுலயும் நார்மல்னுதான் போட்டிருந்தான். ரெண்டு நாள்ல பொடியாப் போச்சு, மறந்துட்டியா நைனா?"

மறக்கவில்லை. எங்கள் கடைக்கு வருகிற உதிரி பாகங்களில் பாதி போலி. உறையில் எழுதியிருப்பதை நம்பினால் வாடிக்கையாளர் செருப்பால் அடிப்பார். கை சொல்வதைத்தான் நம்புவோம். என் கையும் ஜாம் என்றுதான் சொன்னது. மேஸ்திரி பேஸ்ட் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். வால்வு தேய்க்கிற கரகரப் பேஸ்ட். குழலுக்குள் தடவி, பிஸ்டனை மேலும் கீழும் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தேன். ஒரு மணி நேரத்தில் பிஸ்டன் தன் எடைக்கே மேலிருந்து கீழே விழுந்தது.

"பட்டு மாதிரி கீது பாரு" என்றார் மேஸ்திரி. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்த சார் இன்ஜினை விரலால் சுற்றிப் பார்த்தார். அவரும் இன்ஜினியர். "இப்பதான் ஃப்ரீயா சுத்துது, வெரி குட்" என்றார். என் போட்டோவை வாங்கிப் பாஸ் விண்ணப்பத்தோடு குண்டூசி குத்திச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை உப்பளத்துக்கு மேஸ்திரியும் கூட வந்திருந்தார். முதல் முறை இழுத்ததும் வண்டி கத்திக்கொண்டு கிளம்பியது. சார் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். இரண்டு நிமிஷம் ஓடிற்று. சூடானதும் செத்தது. ஆற விட்டு இழுத்தேன், ஒரு நிமிஷம். மறுபடி ஆற விட்டு இழுத்தேன், அரை நிமிஷம். பிறகு கயிறு என் கையில் வெறுமனே வந்து போனது. அடையாறு கோஷ்டியில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் ஜூஸ் உறிஞ்சிக்கொண்டே வந்தார். விரலால் சுற்றினார். உதட்டைப் பிதுக்கினார். சார் தலையாட்டியதும் அங்கேயே மடியில் வைத்துப் பத்து நிமிஷத்தில் பிரித்துப் பிஸ்டனை எடுத்துவிட்டார்.

"யாரு இதைத் தேய்ச்சது?"

பதிலுக்குக் காத்திருக்காமல் தொப்பிக்காரர் பிஸ்டனைத் தூக்கிக் காட்டினார்.

"மேலே போறப்போ இறுகணும். அதுதான் இதோட உயிர். சூடானா குழல் விரிஞ்சு அளவு சரியாயிடும். இதுல ரிங்கே கிடையாதே, அப்புறம் காத்தை எது பிடிக்கும்? வாழப்பழத்தைத் தோல் உரிக்கறேன்னு பழத்தையே உரிச்சுட்டீங்க."

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். சாரும் சிரித்தார், இரண்டு நாளுக்கு முன் வெரி குட் சொன்ன அதே வாயால். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார்.

"நான் தொடவே இல்ல சார்" என்றார் மேஸ்திரி. "இவன்தான்."

"பேஸ்ட் டப்பாவ எடுத்துக் குடுத்தது யாரு மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"டப்பா நான் குடுத்தேன். தேய்ச்சது யாரு?"

தேய்த்தது நான்தான். அந்த மூன்று வார்த்தைகளைப் படித்தவனும் அந்த இடத்தில் நான் ஒருவன்தான். மற்ற இரண்டு பேரும் படித்துப் பார்க்காத முட்டாள்கள். நான் படித்துவிட்டுத் தேய்த்தவன்.

சார் சட்டைப் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தார். குண்டூசியைக் கழற்றிப் போட்டோவை நீட்டினார்.

"கப்பல்ல இந்த மாதிரி கையை விட முடியாதுப்பா. தப்பா எடுத்துக்காத."

"அன்னிக்கு நீங்களும்தான் சுத்திப் பாத்தீங்க சார்."

அவர் முகம் மாறியது. பிஸ்டனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதையும் வெச்சுக்க. ஞாபகமா இருக்கட்டும்."

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். மேஸ்திரி எல்லாரையும்விடச் சத்தமாக. நான் மேட்டிலிருந்து இறங்கினேன்.

டோல்கேட்டுக்குத் திரும்புகிற வழி வந்தபோது கொஞ்சம் நின்றேன். கடையில் என் பாயும் இரண்டு சட்டையும் இருந்தன. அந்தச் சிரிப்பைக் கேட்டபடி அங்கே இன்னொரு மொபெட்டைப் பிரிப்பதைவிடச் சட்டை இல்லாமல் இருக்கலாம். நேராக நடந்தேன். பொழுது சாயும்போது காசிமேட்டுக்கு வந்து, கரையில் குவித்திருந்த வலைமேல் படுத்தேன். மீன் நாற்றம் பெரிய விஷயமில்லை. விளக்கெண்ணெய் வாசனைதான் கையை விட்டுப் போகவில்லை.

காலையில் படகு இன்ஜின் பார்க்கிற கொட்டகை ஒன்றில் போய் நின்றேன். அங்கே இருந்தவர் லுங்கியை மடித்துக் கட்டிய பருத்த மனிதர். மேலிருந்து கீழ்வரை என்னைப் பார்த்தார்.

"இன்னா வேலை தெரியும்?"

"டூ ஸ்ட்ரோக் தெரியும்."

"இங்க எல்லாம் டீசல் நைனா. பையில கைய வுட்டு இன்னா நோண்டிகினு கீற?"

எடுத்துக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னாது இது, மூக்குத்தியா?"

"பொம்மை லாரியோட பிஸ்டன்ணா."

"த்தா, இதுக்கெல்லாம் ஒரு மெக்கானிக்கா." என்னிடமே திருப்பித் தந்துவிட்டுப் பெஞ்சைக் காட்டினார். பிரித்த இன்ஜினின் தலைப்பாகம், வரிசையாகப் பன்னிரண்டு வால்வுகள், ரப்பர் மூக்கு வைத்த ஒரு குச்சி. பக்கத்தில் அதே பேஸ்ட் டப்பா. "உட்கார்ந்து தேய். மத்தியானத்துக்குள்ள படகு கடலுக்குப் போகணும்."

குச்சியை எடுத்தேன். உடனே தேய்க்கவில்லை.

"எதுவரைக்கும்ணா தேய்க்கணும்?"

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போல.

"மேல மண்ணெண்ணெய் ஊத்தினா கீழ ஒரு சொட்டு இறங்கக் கூடாது. அதுவரைக்கும்தான். அதுக்கு மேல ஒரு சுத்து சுத்தினேன்னா கைய ஒடச்சிடுவேன்."

முதல் வால்வில் பேஸ்ட்டைத் தொட்டு வைத்து, குச்சியை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட ஆரம்பித்தேன். பத்து உருட்டலுக்கு ஒருமுறை மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன்.