இடது மட்கார்டின் குறை என்னுடையது

அண்ணன் போய் ஒரு வருடம் நிறைகிறது. கூடப் பிறந்தவள் என்கிற முறையில் இந்த நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி அண்ணன் மகன் கேட்டான். நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள். ஆனாலும் நான் சொல்லாவிட்டால் ஒரு விஷயம் அண்ணன் பேருக்குக் குறையாகவே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் வல்லம் வடகாலில் பிறந்தார். எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு கம்பெனியின் லாரிகள் நிற்கின்றன. அப்பா சீக்கிரம் காலமானதால் அண்ணன் சென்னைக்குப் போய் ஒரு கார் பட்டறையில் டிங்கர் வேலை கற்றார். பிறகு ஒரகடம் ரோட்டில் சொந்தமாக ஷெட் போட்டார். மோதி நசுங்கிய வண்டிகளை நிமிர்த்துவது அன்றாடச் சோற்றுக்கு. அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேலை வேறு. பழைய ஜீப்பின் அடிச்சட்டமும் ஒரு எஞ்சினும் கொண்டுவந்து கொடுத்தால் போதும், மேலே வேண்டிய உடம்பு முழுவதையும் வெறும் தகட்டிலிருந்து கையாலேயே அடித்துக் கொடுப்பார். மணல் மூட்டை மேல் தகட்டை வைத்து மரச் சுத்தியலால் மெல்ல மெல்லக் குழிவாக்குவார். கல்யாண ஊர்வலத்துக்குத் திறந்த கார், நடக்க முடியாதவர் நாற்காலியோடு ஏறிக்கொள்ளும் வேன் என்று எத்தனையோ செய்தார்.

மேடு பள்ளத்தைப் பட்டி பூசி மறைக்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. "பூசறதுன்னா செவுத்துக்குப் பூசு" என்பார். சிலர் காந்தம் கொண்டுவந்து வண்டி முழுக்க ஒட்டிப் பார்ப்பார்கள். பட்டி தடித்த இடத்தில் காந்தம் நிற்காது. அண்ணன் வண்டியில் அது எங்கும் நழுவியதில்லை.

அண்ணன் மகனுக்குக் கார் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே ஷெட்டுக்கு வருவான்.

"இன்னா நைனா, நேத்து அடிச்ச கதவையே இன்னிக்கும் அடிச்சிகினுகீற? எங்க லைன்ல இந்நேரம் ஊருக்கே கதவு மாட்டியிருப்பாங்க."

"அதுல ரெண்டு கதவு வேற வேற மாதிரி செஞ்சி எடுத்துனு வாடா, பாப்போம்" என்பார் அண்ணன்.

என் வீட்டுக்காரர் இறந்ததும் அண்ணன்தான் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்தார். அண்ணி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அண்ணியும் போன பிறகு நான் சமைத்து ஷெட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குக் காது கேட்காமல் போனது. ஆயுசு முழுக்கச் சுத்தியல் சத்தத்துக்குள் இருந்தவர்.

அவர் வேலைக்குக் காது மிகவும் தேவை. தகடு சரியாக இறுகியிருந்தால் தட்டும்போது கணீரென்று கேட்கும். எங்காவது தளர்ந்திருந்தால் எண்ணெய் டின்னின் அடியை அமுக்கினாற்போல டொப் என்று கேட்கும். விரலால் அமுக்கியும் கண்டுபிடிப்பார்கள். சர்க்கரை நோயில் அண்ணனுக்கு விரல் நுனியும் மரத்துவிட்டது. பெயின்ட் அடித்து வெயிலில் நிறுத்தினால்தான் அந்தத் தளர்வு கண்ணுக்குத் தெரியும். அப்போது தெரிந்து பிரயோஜனம் இல்லை.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, இங்க குந்து. நான் தட்டிகினே வரேன். சத்தம் நல்லா கீதுன்னா விரலைத் தூக்கு. டின்னு சத்தம் வந்தா கையைக் கவுத்துடு. வெளிய யார்கிட்டயும் சொல்லாதே. செவுடன்கிட்ட எவன் வண்டிய வுடுவான்?"

அதிலிருந்து நான் தினமும் ஒரு பெயின்ட் டின் மேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன். ஒரு வாடிக்கைக்காரர், "இன்னா பெரிம்மா, கீரை ஆயறதுக்கு வேற இடமே கெடைக்கலியா?" என்றார். தன்னைக் கேட்கிறார் என்று நினைத்து அண்ணன், "வெள்ளிக்கிழமை ரெடியாயிடும் சார்" என்றார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். என் விரலையும் கையையும் பார்த்து அண்ணன் செய்த வண்டிகளில் ஒன்றும் திரும்பி வரவில்லை.

கடைசியாகச் செய்தது ஒரு இன்ஜினியர் சாருக்கு, இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாம் முடிந்து இடது பக்க முன் மட்கார்டு ஒன்றுதான் பாக்கி. அதற்குள் அண்ணனுக்குக் கால் வீங்கி மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் பலவீனமாக இருக்கிறது, உடனே சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மகன் கெஞ்சினான். நானும் கெஞ்சினேன்.

"இந்த ஒரு மட்கார்டு. தங்கச்சி விரலைத் தூக்கினா அன்னிக்கே வரேன்" என்றார்.

நாலு நாள் ஒரே இடத்தை அடித்தார். மூன்று அடி அடிப்பார், உட்கார்ந்துவிடுவார். நாலாம் நாள் மத்தியானம் தட்டிக்கொண்டே வந்து என் முகத்தைப் பார்த்தார். விளக்குக்கு மேலே வளைகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, டின் சத்தம் வந்தது. நான் விரலைத் தூக்கினேன்.

"நல்லா கேட்டியா?"

மறுபடியும் தூக்கினேன்.

அண்ணன் சுத்தியலை மாட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பதினோரு நாள் இருந்தார். "வண்டிய பெயின்ட்டுக்கு அனுப்பிடு. உன் அத்தை கேட்டு சரின்னுடுச்சி" என்று மகனிடம் சொன்னதுதான் அந்த வண்டியைப் பற்றி அவர் கடைசியாகச் சொன்னது. வீட்டுக்குத் திரும்பவில்லை. மகன்தான் பெயின்ட் அடிக்க வைத்து வண்டியை ஒப்படைத்தான்.

போன மாதம் இன்ஜினியர் சார் வீட்டுக்கு வந்தார். அண்ணனை வாயாரப் புகழ்ந்தார். எழுந்து போகும்போது, "வெயில்ல நிறுத்தினா இடது மட்கார்டுல மட்டும் நிழல் லேசா நெளியுது. வயசான கை இல்லையா, பரவால்லைம்மா" என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்கே மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஷிப்ட் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பிறகு, "நானா இருந்தாலும் அதான் அத்தே செஞ்சிருப்பேன். வுட்று. யாருக்குத் தெரியப் போவுது" என்றான்.

"தெரியலன்னா உன் நைனா கை தவறிடுச்சின்னு தானேடா நெனப்பாங்க" என்றேன். அதன் பிறகுதான், "அப்ப நீயே எழுது" என்று இந்தத் தாளைக் கொடுத்தான்.

அண்ணனைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்களுக்கும், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டாண்டிலிருந்து வேளா வேளைக்கு என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய்க் காசு வாங்க மறுத்த ஷேர் ஆட்டோ தம்பிக்கும், காரியங்களுக்குக் கூட நின்ற சொந்தங்களுக்கும், லீவு போட்டு வந்த மகனின் கம்பெனி நண்பர்களுக்கும் எங்கள் வீட்டின் நன்றி.

இன்ஜினியர் சாருக்கு நன்றியோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. அண்ணன் கை தவறவில்லை ஐயா. நான் கேட்டதை மாற்றிச் சொன்னேன். அவரை நாலு நாள் முன்னால் கூட்டிப் போயிருந்தாலும் பிழைத்திருப்பாரோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை. அந்த மட்கார்டைக் கழற்றி நல்ல கைக்காரர் ஒருவரிடம் கொடுங்கள். அவர் தட்டும்போது நான் பக்கத்தில் வந்து உட்காருகிறேன். எனக்கு இன்னும் காது நன்றாகக் கேட்கிறது.